யுவர் ஆனர், விசாரணை எங்கே?

அமெரிக்க கோர்ட் என்று சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஒரே காட்சிதான் மனசில் வரும். மரப் பலகை அடித்த பெரிய ஹால். ஒரு பக்கம் ஜூரி, பன்னிரண்டு பேர். கோட் போட்ட வக்கீல் நடந்துகொண்டே கேள்வி கேட்பார், சாட்சி தடுமாறுவார், எதிர்த்தரப்பு வக்கீல் "அப்ஜெக்‌ஷன்!" என்று எழுந்து நிற்பார். கடைசியில் ஜூரி தீர்ப்பைச் சொல்லும்போது பேக்ரவுண்ட் மியூசிக் நிற்கும்.

இந்தக் காட்சி பொய் இல்லை. ஆனால் ரொம்ப அபூர்வம். 2022 நிதியாண்டில் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு முடிந்தவர்கள் மொத்தம் 71,954 பேர். அதில் விசாரணை வரை போனவர்கள் நூற்றுக்கு இரண்டரை பேர்கூட இல்லை. கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் "ஆமாம், குற்றவாளிதான்" என்று தாங்களே ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிக்கொண்டார்கள். சுமார் 8 சதவீதம் பேர் மீதான வழக்குகள் தள்ளுபடி ஆயின. விசாரணைக்குப் போய், ஜெயித்து, நிரபராதி என்று வெளியே வந்தவர்கள்? 290 பேர். எழுபத்தோராயிரத்துச் சொச்சத்தில் வெறும் 290. நம்ம காலேஜில் ஒரு டிபார்ட்மென்ட் அளவுதான்.

நம்ம ஊர் கோர்ட்டுகளில் கேஸ் தேங்கிக் கிடப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, யாராவது ஒருத்தர் "அமெரிக்காவில் எல்லாம் பாருங்க, சட்டுனு முடிச்சிடுறாங்க" என்பார். மெஸ்ஸில் கேட்டிருப்பீங்க, டிவி விவாதத்திலும் கேட்டிருப்பீங்க. அந்த வேகம் எங்கிருந்து வருது என்று யாரும் கேட்பதில்லை. நான் படித்த வரையில் அது நிர்வாகத் திறமையால் மட்டும் வந்த வேகம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பயத்தை எரிபொருளாக ஊற்றி ஓட்டுகிற வேகம். அதைப் பார்த்து நாம் ஆசைப்படக் கூடாது என்பதுதான் என் கட்சி.

1967-ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கமிஷன் ஒன்று, ஒரு கிரிமினல் கேஸ் எங்கே ஆரம்பித்து எங்கெல்லாம் போய் எங்கே முடிகிறது என்று ஒரு பெரிய ஃப்ளோசார்ட் வெளியிட்டது. இன்றைக்கும் அங்கே பாடப் புத்தகங்களில் இருக்கிற படம் அது. இடப் பக்கம் குற்றம், வலப் பக்கம் விடுதலை. நடுவில் போலீஸ், அரசு வக்கீல், கோர்ட், சிறை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஷையில் சொன்னால், எந்தக் குழாயில் எவ்வளவு ஓட்டம் இருக்கு என்பதைக் கோட்டின் தடிமனில் காட்டப் பார்த்த படம். துல்லியமான அளவு இல்லை, தோராயம்தான் என்று வரைந்தவர்களே எழுதி வைத்தார்கள். அந்தப் படத்தில் விசாரணைக்குப் போகும் கோட்டை மட்டும்தான் சினிமா நமக்குக் காட்டுது. நாம் தடிமனான கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம்.

முதலில் ஒன்று. "அமெரிக்கச் சட்டம்" என்று ஒரே ஒரு சட்டம் கிடையாது. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி கிரிமினல் சட்டம், தனித்தனி கோர்ட். அதுக்கு மேலே ஃபெடரல் அமைப்பு ஒன்று. கொலை, திருட்டு, அடிதடி மாதிரி அன்றாட வழக்குகள் பெரும்பாலும் மாநில கோர்ட்டில்தான் நடக்கும். அதனால் நான் கீழே சொல்கிற வரிசை மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

கைது நடக்குது. உடனே போலீஸ் "நீங்கள் மௌனமாக இருக்க உரிமை உண்டு" என்று வசனம் பேசுவார் என்றுதானே நினைக்கிறீங்க? கைது செய்தவுடனே சொல்லியாகணும் என்று கட்டாயம் இல்லை. காவலில் வைத்துக் கேள்வி கேட்கிறதா இருந்தால்தான் அந்த எச்சரிக்கை தேவை. 1966-ல் வந்த மிராண்டா தீர்ப்பு சொன்னது அவ்வளவுதான். (அந்த மிராண்டா விடுதலை ஆகிவிட்டார் என்று நிறைய பேர் நினைப்பாங்க. இல்லை. வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு வேறு சாட்சியங்களோடு மறுபடி விசாரித்து, மறுபடியும் தண்டனை கொடுத்தார்கள்.) இன்னொன்றையும் கவனிங்க. எச்சரிக்கையைச் சொன்ன பிறகு அந்த ஆள் போலீஸிடம் வாயைத் திறந்தால், அந்த வாக்குமூலம் அவருக்கு எதிராகக் கோர்ட்டில் செல்லும். இந்தியாவில் 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்தே போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று தெரிந்த வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் போல!

கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்ததும் ஜட்ஜ் முன்னால் நிறுத்துவார்கள். வாரன்ட் இல்லாத கைது என்றால், கைதுக்குப் போதுமான காரணம் இருக்கா என்று சாதாரணமாக 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்க்கணும். 1991-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட விதி. நல்ல விதிதான். அடுத்து பெயில். இங்கேதான் குழாயில் முதல் வால்வு இருக்கு.

பெரும்பாலான மாநிலங்களில் ஜட்ஜ் ஒரு தொகையைச் சொல்லுவார். உதாரணத்துக்கு 10,000 டாலர். கையில் இருந்தால் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒழுங்கா வாய்தாவுக்கு வந்தால் கடைசியில் பணம் திரும்பக் கிடைக்கும். கையில் இல்லை என்றால் பெயில் பாண்ட் கடைக்குப் போகணும். ஆமாம், கடைதான். கோர்ட்டுக்கு எதிரிலேயே நியான் போர்டு மாட்டி வைத்திருப்பார்கள். வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 1,000 டாலர், அவரிடம் கட்டினால் மீதிக்கு அவர் பொறுப்பேற்பார். அந்த 1,000 டாலர் திரும்ப வராது. நீங்க நிரபராதி என்று நிரூபித்தாலும் வராது. இப்படி ஜாமீனை லாபத்துக்கு விற்கும் தொழிலை உலகத்திலேயே அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் தவிர வேறு நாடுகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அந்த 1,000 டாலரும் இல்லாதவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். அவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு கலீஃப் பிரௌடர் கதையை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2010 மே மாதம், நியூயார்க் பிராங்ஸ் பகுதி. வயசு 16. ஒரு பார்ட்டி முடிந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த பையனை, பேக்பேக் திருடியதாகச் சொல்லி போலீஸ் பிடித்தது. சோதித்துப் பார்த்ததில் அவரிடம் பேக் எதுவும் இல்லை. ஜட்ஜ் சொன்ன பெயில் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. அவர் ஏற்கெனவே வேறொரு வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர். அதனால் ரெண்டு மாசம் கழித்து குற்றச்சாட்டு உறுதியானதும், பணம் கட்டி வெளியே வரும் வழியும் மூடப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷம். அதில் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் தனிமைச் சிறை.

விரைவான விசாரணை என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிற உரிமை ஆச்சே, எப்படி மூன்று வருஷம்? இங்கே ஒரு கடிகாரக் கணக்கு இருக்கு. நியூயார்க்கில் பெரிய குற்றங்களுக்கு ஆறு மாதத்துக்குள் அரசுத் தரப்பு தயாராகணும். ஆனால் அரசு வக்கீல் "ஒரு வாரம் வேணும்" என்று கேட்டு, கோர்ட்டில் நெரிசல் என்று அடுத்த வாய்தா ஆறு வாரம் கழித்து விழுந்தால், கடிகாரத்தில் ஒரு வாரம்தான் ஓடும். மீதி ஐந்து வாரம் யார் கணக்கிலும் இல்லை. அந்தப் பையன் கணக்கில் மட்டும் இருக்கு. இப்படி வாய்தா மேல் வாய்தா.

நடுவில் பேரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒப்புக்கொண்டால் மூன்றரை வருஷம் என்றார்கள். பிறகு இரண்டரை வருஷம் என்றார்கள். விசாரணையில் தோற்றால் 15 வருஷம் வரை போகலாம். கடைசியில் 2013-ல் ஒரு ஜட்ஜ் சொன்னது: ரெண்டு சின்னக் குற்றங்களை ஒப்புக்கொள், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்தப் பையன் மாட்டேன் என்றார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று திரும்பவும் செல்லுக்குப் போனார். சில மாதங்களில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. புகார் கொடுத்தவர் நாட்டை விட்டே போய்விட்டார், சாட்சி இல்லை. வெளியே வந்து ரெண்டு வருஷத்தில், 2015 ஜூனில், 22 வயசில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நம்மைவிட ஒரு வயசு கூட.

இதில் என்னை உறுத்துவது அந்தக் கடைசி பேரம்தான். "ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு, மறுத்தால் செல்லுக்கு." குற்றவாளிக்கு வெளியே கதவு, நிரபராதிக்கு உள்ளே கதவு. இப்படி ஒரு லாஜிக் கேட்டை நம்ம டிஜிட்டல் லேபில் வரைந்தால் சார் கிழித்துப் போட்டுவிடுவார்.

சில மாநிலங்கள் இதைத் திருத்தப் பார்க்கின்றன. நியூஜெர்சி 2017-ல் பண ஜாமீனை ஏறக்குறைய ஒழித்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் முழுசாகவே ஒழித்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பழைய கதைதான்.

பெயிலுக்கு அடுத்தது முறைப்படி குற்றம் சாட்டுவது. ஃபெடரல் வழக்கில் பெரிய குற்றம் என்றால் கிராண்ட் ஜூரி என்று ஒரு குழு, 16 முதல் 23 பேர், ரகசியமாகக் கூடும். அங்கே ஜட்ஜ் கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. அரசு வக்கீல் மட்டும் தன் பக்கத்தைச் சொல்லுவார். 12 பேர் தலையாட்டினால் குற்றச்சாட்டு ரெடி. அரசு வக்கீல் நினைத்தால் ஒரு சாண்ட்விச் மேல்கூட கேஸ் போட வைக்கலாம் என்று நியூயார்க்கின் தலைமை நீதிபதி ஒருத்தரே 1985-ல் கிண்டலடித்தார். பல மாநிலங்கள் இதுக்குப் பதிலாக ஜட்ஜ் முன்னால் ஒரு சின்ன முன்விசாரணையோடு முடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். எந்தப் பிரிவில் கேஸ் போடுவது, எத்தனை பிரிவு போடுவது என்பது அரசு வக்கீலின் இஷ்டம். மாநிலங்களில் அந்தப் பதவிக்குப் பெரும்பாலும் தேர்தல் நடக்கும். ஆமாம், ஓட்டுப் போட்டு அரசு வக்கீலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தேன் என்பதே அவருக்குப் பிரசாரம்.

இப்போ தடிமனான கோட்டுக்கு வந்துட்டோம். ப்ளீ பார்கெயின். குற்ற ஒப்புதல் பேரம்.

விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை. செமஸ்டர் பரீட்சை. ஸ்குவாட் வருது. உங்க டெஸ்குக்குக் கீழே ஒரு பிட் கிடக்கு. உங்களுது இல்லை. ஸ்குவாட் சார் சொல்றார்: "இப்பவே என்னுதுதான்னு எழுதிக் கொடுத்தா இந்த ஒரு பேப்பர் மட்டும் கேன்சல். இல்லை, கமிட்டி விசாரிக்கட்டும்னா, அங்கே தோற்றா மூணு செமஸ்டர் டிபார். அஞ்சு நிமிஷம் டைம்." பிளேஸ்மென்ட் அடுத்த மாசம். கமிட்டி எப்போ கூடும் என்று யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க?

அதேதான் அங்கே நடக்குது, செமஸ்டருக்குப் பதில் வருஷக் கணக்கில். கென்டக்கி மாநிலத்தில் ஹேய்ஸ் என்று ஒருத்தர். 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலிச் செக் கொடுத்ததாக வழக்கு. அதுக்கு 2 முதல் 10 வருஷம் தண்டனை. அரசு வக்கீல் சொன்னார்: ஒப்புக்கொள், 5 வருஷம் சிபாரிசு செய்கிறேன். மறுத்து விசாரணை கேட்டால், உன் பழைய ரெண்டு தண்டனைகளையும் சேர்த்து, பழக்கக் குற்றவாளிச் சட்டத்தில் போடுவேன், ஆயுள் தண்டனை. ஹேய்ஸ் விசாரணை கேட்டார். சொன்னபடியே அந்தச் சட்டத்தில் போட்டார்கள், ஆயுள் தண்டனை விழுந்தது. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1978-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கோர்ட் சொன்னது, இதில் தப்பில்லை. பேரம் என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும், ஏற்கவும் மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததே என்று.

88 டாலர். செக் அதே செக்தான், குற்றமும் அதே குற்றம்தான். 5 வருஷத்துக்கும் ஆயுளுக்கும் நடுவில் அவர் கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்று: அரசியலமைப்பு கொடுத்த உரிமையைக் கேட்டார். உரிமையைப் பயன்படுத்துவதற்கு விலை வைத்தால் அது எந்த அர்த்தத்தில் உரிமை என்று எனக்குப் புரியவில்லை.

பேரம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை நிற்க வைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு ஜட்ஜ் வரிசையாகக் கேட்பார். ஜூரி விசாரணை உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள், தெரியுமா? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை போய்விடும், தெரியுமா? யாராவது மிரட்டினார்களா? சொந்த விருப்பத்தில்தான் ஒப்புக்கொள்கிறீர்களா? எல்லாத்துக்கும் சரியான பதில் சொன்னால்தான் ஒப்புதல் செல்லும். "யாராவது மிரட்டினார்களா" என்ற கேள்விக்கு, அரசு வக்கீல் காட்டிய ஆயுள் தண்டனை கணக்கில் வராது. அதுக்குச் சட்டத்தில் மிரட்டல் என்று பேர் இல்லை.

இன்னும் விசித்திரம் ஒன்று இருக்கு. "நான் செய்யவில்லை, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லவும் அங்கே வழி உண்டு. வடக்கு கரோலினாவில் ஆல்ஃபோர்ட் என்பவர் கொலை வழக்கில் அப்படித்தான் சொன்னார். நான் கொல்லவில்லை, ஆனால் விசாரணைக்குப் போனால் மரண தண்டனை விழலாம் என்று பயப்படுகிறேன் என்றார். 30 வருஷம் கொடுத்தார்கள். சாட்சியம் வலுவாக இருந்தால் இப்படி ஒப்புக்கொள்வது செல்லும் என்று 1970-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இன்றைக்கும் இதுக்கு ஆல்ஃபோர்ட் ப்ளீ என்றே பெயர்.

நம்ம கிளாஸில் இதைப் பேசியபோது ஒருத்தன் கேட்டான், "குற்றம் செஞ்சவன் ஒப்புக்கிட்டா என்னடா தப்பு? கோர்ட்டுக்கு டைம் மிச்சம், பாதிக்கப்பட்டவங்க கூண்டில் ஏறி அழ வேண்டியதில்லை, அவனுக்கும் தண்டனை குறையுது." நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறவர்களில் பெரும்பான்மையோர் ஏதோ ஒன்றைச் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. மனம் திருந்தியவருக்குச் சலுகை கொடுப்பதும் நல்லதுதான். எல்லாரும் விசாரணை கேட்டால் அந்த நாட்டுக் கோர்ட்டுகள் ஒரே மாசத்தில் மூச்சுத் திணறும் என்பதும் நிஜம். ஆனால் அந்த வாதத்தைத் திருப்பிப் பாருங்க. உரிமையை எல்லாரும் கேட்டால் நின்றுபோகும் இயந்திரம் என்றால், யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் டிசைன் என்று ஆகிறது. அப்புறம், செய்யாதவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். 1989 முதல் அங்கே தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று இருக்கு. மூவாயிரத்துக்கும் மேலான பெயர்கள். அதில் பல நூறு பேர் குற்றத்தைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள்.

கெமிக்கல் டிபார்ட்மென்ட் மக்கள் இதைக் கவனிங்க. டெக்சாஸ், ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டி. ரோட்டில் காரை நிறுத்தி, கிடைத்த பொடியை போலீஸ் ஒரு சின்ன கிட்டில் போட்டுப் பார்த்தது. கோபால்ட் தயோசயனேட், நீலமாக மாறினால் கொகெய்ன். ஆனால் அந்த நீலம் கொகெய்னுக்கு மட்டும் சொந்தம் இல்லை, வேறு எத்தனையோ பொருள்களுக்கும் வரும். முறையான லேப் ரிசல்ட் வர மாசக் கணக்கில் ஆனது. அதுவரை உள்ளே இருக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டால் சில வாரங்களில் வெளியே. ஒப்புக்கொண்டார்கள். லேப் பிறகு பொறுமையாகச் சோதித்தபோது பல கேஸ்களில் போதைப்பொருளே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தண்டனை பின்னால் ரத்தானது. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதுவது நமக்கெல்லாம் பழக்கம்தான். ஆனால் இங்கே ரீடிங் ஒரு மனுஷனுடைய கிரிமினல் ரெக்கார்டு.

பேரத்தை மறுத்து விசாரணைக்குப் போகும் அந்த இரண்டு மூன்று பேரின் கதை உண்மையிலேயே அழகு. அதையும் சொல்லணும். பொதுமக்களில் இருந்து ஜூரி பொறுக்குவார்கள். இனத்தைக் காரணமாக வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1986-ல் விதி வந்தது. பெரிய குற்றங்களில் ஜூரியில் இருக்கும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னால்தான் தண்டனை. 2020-க்குப் பிறகு எல்லா மாநிலத்துக்கும் இது கட்டாயம். ஜூரி நிரபராதி என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. பணம் இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் என்பது 1963-ல் கிடியன் என்ற ஏழைக் கைதி ஜெயிலில் இருந்து பென்சிலில் எழுதிய மனுவால் வந்த உரிமை. மறுவிசாரணையில், இந்த முறை வக்கீலோடு, அவர் விடுதலையும் ஆனார். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு நல்ல இயந்திரத்தைக் கட்டி, அதை நூற்றில் மூன்று பேருக்கு மட்டும் ஓட்டுகிறார்களே என்பதுதான் என் கோபம். கிடியன் வாங்கிக் கொடுத்த அந்த வக்கீலும் இன்று பல ஊர்களில் கேஸ் சுமையில் மூழ்கி, காரிடாரில் சில நிமிஷம் பேசிவிட்டு "இந்த ஆஃபர் பரவாயில்லை, எடுத்துக்கோங்க" என்று சொல்லும் நிலைமையில் இருக்கிறார்.

தண்டனை விதிப்பு, மேல்முறையீடு எல்லாம் அடுத்தடுத்த கட்டங்கள். ஆனால் பேரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கதவுகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். மேல்முறையீடு செய்ய மாட்டேன் என்பதே பல ஒப்பந்தங்களில் ஒரு வரி.

இது நமக்கு எதுக்கு என்றால், இந்தப் பேரம் இந்தியாவுக்கும் வந்தாச்சு. 2005-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, 2006 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும் இருக்கு. ஆனால் இங்கே வேலி போட்டிருக்காங்க. ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குக் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர்தான் மனு போடணும், அவர் விரும்பித்தான் வந்தாரா என்று ஜட்ஜ் அவரைத் தனியாக வைத்து விசாரிக்கணும். இந்த முறை இங்கே மிகக் குறைவாகத்தான் பயன்படுது. அதனால் "வேலியை எடுத்துடுங்க, அமெரிக்கா மாதிரி எல்லா கேஸுக்கும் கொண்டுவாங்க, தேக்கம் தீரும்" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கு.

2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். சதவீதத்தில் 75.8. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல், வக்கீலுக்குப் பணம் இல்லாமல் ரெண்டு வருஷம் உள்ளே கிடக்கிற ஒருத்தரிடம் போய், "கையெழுத்துப் போடு, இருந்த காலத்தைக் கழித்துக்கொண்டு நாளைக்கே அனுப்பிடுறோம்" என்றால் அவர் பேனாவைத் தேடுவார். குற்றம் செய்தாரா என்ற கேள்வியே எழாது. தேக்கம் குறையும், புள்ளிவிவரம் அழகாகும். முதலில் ஜாமீனைச் சரி செய்யுங்க, காலியாக இருக்கும் ஜட்ஜ் பதவிகளை நிரப்புங்க, இலவச சட்ட உதவி வக்கீலுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்க. அதுவரை அந்த வேலி அப்படியே இருக்கட்டும் என்பேன்.

கடைசியாக, ஜி.ஆர்.இ. ஸ்கோரோடு அடுத்த ஆகஸ்ட்டில் ஃப்ளைட் ஏறப் போகிறவர்களுக்கு ஒன்று. 2010-ல் பதில்லா என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. அவர் ஹோண்டுராஸில் பிறந்து, நாற்பது வருஷத்துக்கும் மேலாக அமெரிக்காவில் சட்டப்படி குடியிருந்தவர், வியட்நாம் போர்க் காலத்தில் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். லாரியில் கஞ்சா கடத்திய வழக்கில், இத்தனை வருஷம் இங்கே இருக்கீங்க, நாடு கடத்த மாட்டாங்க என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதாலேயே நாடு கடத்தல் தலைக்கு மேல் வந்து நின்றது. குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்கு, ஒப்புதலால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று கோர்ட் தீர்ப்பளித்தது. ஃபைன் கட்டினால் முடிந்தது என்று தோன்றும் சின்ன ஒப்புதல்கூட ஒரு மாணவனின் விசாவைக் காவு வாங்கலாம்.

அதனால் அங்கே எந்தக் காரணத்துக்காகப் போலீஸ் பிடித்தாலும், பயத்தில் வளவளன்னு பேசாதீங்க. வக்கீல் வேணும் என்று மட்டும் சொல்லுங்க. வெளிநாட்டில் கைதானால் நம்ம தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்பாட்டில் இருக்கு, அதையும் கேளுங்க. வக்கீல் வந்ததும், கேஸைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்னாடியே, "நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, எஃப்-1 விசாவில் இருக்கேன், இதை ஒப்புக்கிட்டா என் விசா என்ன ஆகும்?" என்று கேளுங்க. தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால், தெரிந்த குடியேற்ற வக்கீலிடம் கேட்டுச் சொல்லும் வரைக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க.